மின்வாகன மின்னேற்ற வலையமைப்பும் திறந்த நெறிமுறையும்: நெதர்லாந்து அனுபவத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மின்வாகனங்களுக்கான மின்னேற்றக் கட்டமைப்பு பெரும்பாலும் நிலையங்களின் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. ஆனால் ஒரு மின்னேற்றியைப் பயனுடையதாக்குவது, அதனை மைய அமைப்போடும் மின்பகிர்மானத்தோடும் பிற நிறுவனங்களின் வலையமைப்புகளோடும் இணைக்கும் தொடர்பே ஆகும். நெதர்லாந்தில் 2009 ஆம் ஆண்டு தோன்றிய திறந்த மின்னேற்ற முனை நெறிமுறையை (ஓ.சி.பி.பி.) மையமாகக் கொண்டு, அத்தொடர்பு இயங்கும் முறையையும், அதன்மேல் யாருக்கு ஆளுமை உள்ளது என்னும் வினாவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்வாகனம், மின்னேற்றி, திறந்த நெறிமுறை, சுமை மேலாண்மை, வலையமைப்பு.

முன்னுரை

பெட்ரோல் நிலையம் ஒன்று தனித்து இயங்கவல்லது. அங்கே எரிபொருள் தொட்டியில் இருக்கிறது. விற்பவர் அருகில் நிற்கிறார். பொது மின்னேற்றியின் நிலை வேறு. அது தெருவோரத்தில் ஆளின்றி நிற்கிறது. வந்தவர் யார், அவர் கணக்கில் எவ்வளவு மின்சாரம் எழுதப்பட வேண்டும், இந்நேரத்தில் எவ்வளவு மின்திறன் வழங்கலாம், கருவி பழுதடைந்துள்ளதா ஆகிய வினாக்களுக்கெல்லாம் தொலைவிலுள்ள கணினி ஒன்றே விடையளிக்கிறது. எனவே மின்னேற்றி என்பது மின்கருவியாக இருக்கும் அளவுக்குத் தகவல் தொடர்புக் கருவியும் ஆகும். இவ்விரண்டாவது இயல்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெறிமுறையின் தோற்றம்

நெதர்லாந்தின் மின்பகிர்மான நிறுவனங்கள் 2009 ஆம் ஆண்டு ஒன்றுகூடி, இன்று எலாட்என்எல் என அறியப்படும் அமைப்பை நிறுவின. மின்வாகனங்கள் மிகக் குறைவாக இருந்த அக்காலத்திலேயே பொது இடங்களில் மின்னேற்றிகளை நிறுவும் பணியை அது மேற்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 பொது மின்னேற்றிகள் அதன்வழி அமைக்கப்பட்டன.

பல உற்பத்தியாளர்களிடமிருந்து கருவிகள் வாங்கப்படும்போது ஒரு சிக்கல் எழுகிறது. ஒவ்வோர் உற்பத்தியாளரும் தமக்கெனத் தனி மென்பொருளையும் தனித் தகவல் வடிவத்தையும் வைத்திருப்பாராயின், ஒரே தெருவிலுள்ள இரண்டு கருவிகளைக் கண்காணிக்க இரண்டு மைய அமைப்புகள் தேவைப்படும். ஒருமுறை வாங்கிய நிறுவனத்திடமே தொடர்ந்து வாங்க வேண்டிய கட்டாயமும் உருவாகும். இதனைத் தவிர்க்கவே, எந்த மின்னேற்றியும் எந்த மைய அமைப்போடும் பேசுவதற்குரிய பொதுமொழியாக ஓ.சி.பி.பி. வகுக்கப்பட்டது. 2014 இல் தோற்றுவிக்கப்பட்ட ஓப்பன் சார்ஜ் அலையன்ஸ் என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு இதனைப் பேணி வருகிறது. 1.6 பதிப்பு 2015 இலும், 2.0.1 பதிப்பு 2020 இலும் வெளிவந்தன.

நெறிமுறை இயங்கும் முறை

மின்னேற்றி இயங்கத் தொடங்கியவுடன் தன் உற்பத்தியாளர் பெயரையும் மாதிரியையும் மைய அமைப்புக்கு அறிவிக்கிறது. மையம் அதனை ஏற்றுக்கொண்டு சரியான நேரத்தையும், எவ்வளவு இடைவெளியில் தொடர்பு கொள்ள வேண்டும் என்பதையும் தெரிவிக்கிறது. அதன்பின் மின்னேற்றி குறித்த இடைவெளியில் 'இயங்குகிறேன்' என்னும் சிறு செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். இச்செய்தி நெறிமுறையில் இதயத்துடிப்பு என்றே பெயர் பெற்றுள்ளது. அது நின்றுவிட்டால், கருவியோ தொடர்போ செயலிழந்திருப்பதை மையம் உணர்கிறது.

பயனர் தம் அட்டையைக் காட்டும்போது அதன் எண் மையத்துக்குச் சென்று ஒப்புதல் பெறுகிறது. மின்னேற்றத்தின் தொடக்கம், இடையிடையேயான அளவி மதிப்புகள், முடிவு ஆகியன தனித்தனிச் செய்திகளாகப் பதிவாகின்றன. இவற்றின் அடிப்படையிலேயே கட்டணம் கணக்கிடப்படுகிறது. மையமும் மின்னேற்றிக்கு ஆணையிடலாம்: தொலைவிலிருந்து மின்னேற்றத்தைத் தொடங்கலாம், நிறுத்தலாம், கருவியை மீளத் தொடக்கலாம், மின்திறனுக்கு வரம்பு விதிக்கலாம்.

சுமை மேலாண்மை

மின்திறனுக்கு வரம்பு விதிக்கும் இறுதி ஆணையே மின்பகிர்மானத்தின் பார்வையில் மிக முதன்மையானது. 1.6 பதிப்பில்தான் இது முறையாக இடம்பெற்றது. ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும்.

இரண்டு இணைப்பிகள் கொண்ட மின்னேற்றக் கம்பம் ஒன்று, ஒவ்வொன்றும் 25 ஆம்பியர் கொண்ட மும்முனை இணைப்பைப் பெற்றுள்ளதாகக் கொள்வோம். 230 வோல்ட் அளவில் அதன் மொத்தத் திறன் 17.25 கிலோவாட். 16 ஆம்பியர் மும்முனை மின்னேற்றம் ஏற்கும் ஒரு மகிழுந்துக்கு 11 கிலோவாட் தேவை. இரண்டு மகிழுந்துகள் ஒருங்கே நின்றால் தேவை 22 கிலோவாட்டாகிறது. நிலையான பங்கீட்டில் ஒவ்வொன்றுக்கும் 8.6 கிலோவாட் மட்டுமே என்றென்றும் ஒதுக்கப்படும். ஒன்று நிறைந்துவிட்டாலும் மற்றொன்று பயன்பெறாது. மாறும் பங்கீட்டிலோ முதல் வண்டி விட்டுக்கொடுக்கும் திறன் உடனே இரண்டாவதற்குச் செல்கிறது.

இவ்வளவையும் கம்பமே தனக்குள் செய்துகொள்ளலாம். ஆனால் அத்தகைய 20 கம்பங்கள் ஒரே மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெற்றால், மாலையில் அவற்றின் உச்சத் தேவை 345 கிலோவாட். மின்மாற்றியின் திறன் 400 கிலோவோல்ட் ஆம்பியர் எனில், அப்பகுதி வீடுகளின் சமையலுக்கும் விளக்குக்கும் எஞ்சுவது சிறிதே. எந்தக் கம்பமும் தனித்து இதனை அறிய இயலாது. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் மகிழுந்துக்கு ஏறத்தாழ 7 அல்லது 8 கிலோவாட் மணி மின்னாற்றல் போதும். இரவு முழுவதும் நிற்கும் வண்டிக்கு அதனை நள்ளிரவுக்குப் பின்னும் வழங்கலாம். புதிய கம்பிவடங்களைப் புதைக்காமலேயே சுமையைத் தள்ளிவைக்கும் இவ்வாய்ப்பு, வலையமைப்பு இருந்தால் மட்டுமே கிட்டும். மின்பகிர்மான நிறுவனங்கள் இந்நெறிமுறையில் ஆர்வம் கொண்டமைக்கு இது தலையாய காரணம் எனலாம்.

நிறுவனங்களுக்கிடையே தொடர்பு

ஓ.சி.பி.பி. மின்னேற்றிக்கும் அதன் மையத்துக்கும் இடைப்பட்டது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தின் மின்னேற்றியைப் பயன்படுத்த வேண்டுமாயின், இரண்டு மையங்களும் தமக்குள் பேச வேண்டும். இதற்கென ஓ.சி.பி.ஐ. என்னும் வேறொரு திறந்த நெறிமுறையும் நெதர்லாந்திலேயே உருவாயிற்று. அந்நாட்டில் ஓர் அட்டையைக் கொண்டு ஏறத்தாழ எல்லாப் பொது மின்னேற்றிகளையும் பயன்படுத்த முடிவது இத்தகைய உடன்பாடுகளின் பயனே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1804 ஒழுங்குமுறை, ஒப்பந்தம் ஏதுமின்றி வருபவரும் பணம் செலுத்தி மின்னேற்றம் செய்ய வழிவகுக்க வேண்டும் என்பதை 2024 ஏப்ரல் 13 முதல் புதிய பொது மின்னேற்றிகளுக்குக் கட்டாயமாக்கியது.

திறந்தமையின் எல்லைகள்

திறந்த நெறிமுறை இருப்பதாலேயே சார்புநிலை நீங்கிவிடுவதில்லை. முதலாவதாக, உற்பத்தியாளர்கள் தமக்குரிய கூடுதல் செய்திகளைப் பரிமாற ஓ.சி.பி.பி. இடமளிக்கிறது. இன்றியமையாத செயல்கள் அவ்வழியே நடைபெற்றால் பொதுமொழிக்குள் ஒரு தனிமொழி உருவாகிவிடும். இரண்டாவதாக, 2.0.1 பதிப்பு 1.6 பதிப்போடு ஒத்தியங்குவதில்லை. எனவே பழைய கருவிகளுக்கும் புதியவற்றுக்கும் மையம் இரண்டு பதிப்புகளையும் பேண வேண்டியுள்ளது. மூன்றாவதாக, மின்னேற்றி எந்த மையத்தோடு பேச வேண்டும் என்னும் முகவரியை மாற்றும் உரிமை யாரிடம் உள்ளது என்பது நெறிமுறையால் அன்றி ஒப்பந்தத்தால் முடிவாகிறது.

இதன் விளைவை 2024 அக்டோபரில் வட அமெரிக்கா கண்டது. எனல் எக்ஸ் வே நிறுவனம் அங்குத் தன் செயல்பாட்டை நிறுத்தியபோது, வீடுகளிலிருந்த ஜூஸ்பாக்ஸ் மின்னேற்றிகள் வாகனத்துக்கு மின்சாரம் வழங்கின. ஆனால் செயலிவழிக் கட்டுப்பாடுகளை இழந்தன. வணிக நிலையங்களின் மின்னேற்றிகளோ மென்பொருள் ஆதரவின்றிச் செயலிழக்கும் நிலைக்கு உள்ளாயின. கருவி பழுதுபடவில்லை, மின்சாரமும் தடைபடவில்லை, தொடர்பு மட்டுமே அறுந்தது.

இந்தியச் சூழல்

இந்திய அரசு 2017 இல் வரையறுத்த பாரத் மின்னேற்றி விவரக்குறிப்புகள் ஓ.சி.பி.பி. 1.5 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பை ஏற்றன. மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்றும், நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீட்டருக்கு ஒன்றும் என நிலையங்களைப் பரிந்துரைத்ததோடு, ஒவ்வொரு பொது நிலையமும் இணையவழி வலையமைப்புச் சேவையாளர் ஒருவரோடேனும் இணைந்திருக்க வேண்டும் என்றும் கூறின. ஓசூரில் ஆலை கொண்டுள்ள ஏதர் நிறுவனம் உருவாக்கிய இலகு வாகன இணைப்பி வடிவத்தை 2023 இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரமாக ஏற்றது. செருகியின் வடிவத்தில் பொதுமை காணும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம். எனினும் செருகி பொருந்துவது ஒன்று. மையங்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்வது மற்றொன்று. சேவையாளர் ஒருவரோடு இணைந்திருத்தல் என்னும் விதி, சேவையாளர்கள் தமக்குள் இணைந்திருத்தலைத் தானாக உறுதிசெய்வதில்லை.

முடிவுரை

மின்னேற்ற வலையமைப்பு என்பது கருவி, மையம், பிற மையங்கள், மின்பகிர்மானம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பேசும் அமைப்பாகும். நெதர்லாந்தில் வாகனங்கள் பெருகுவதற்கு முன்பே அப்பேச்சுக்குரிய மொழி வகுக்கப்பட்டது. பின்னர் வந்த நிறுவனங்கள் அதனை ஏற்று வளர்ந்தன. நிலையங்கள் பெருகிய பின் பொதுமொழியைப் புகுத்துவது, நட்ட கருவிகளையே மாற்றும் செலவாக முடியும். ஆகவே பொதுப்பணத்தில் நிறுவப்படும் மின்னேற்றிகளுக்கான ஒப்பந்தங்களில் நெறிமுறையின் பதிப்பு, தனிச்செய்திகளுக்கான வரம்பு, மையத்தை மாற்றும் உரிமை ஆகிய மூன்றும் தெளிவாக எழுதப்பட வேண்டும். சேவை வழங்கும் நிறுவனம் மாறினாலும் மறைந்தாலும் தெருவோர மின்னேற்றி தொடர்ந்து மக்களுக்குப் பயன்படுவதை இவ்விதிகளே உறுதிசெய்யும்.