நிறுவை சரி, கசப்பு சரியா?

கொழும்பு புறக்கோட்டை மருந்துச் சரக்கு வர்த்தகர்கள் எல்லோருக்கும் கடுகுரோகிணி தெரியும். சிங்கள வைத்தியர்கள் இதைக் 'கட்டுகரோசண' என்பர். கல்லீரல் நோய்களுக்கான மருந்துகளில் இதன் காய்ந்த வேர்க்கிழங்கு சேர்க்கப்படுகிறது. இமயமலையில் சுமார் 3,000 மீற்றர் உயரத்திற்கு மேலேயே இது இயல்பாக வளர்கிறது. எமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவின் உயரமோ 2,524 மீற்றர்தான். எனவே, இச்சரக்கை நாம் இறக்குமதி செய்தே ஆக வேண்டும்.

இதன் மருத்துவக் குணத்துக்குக் காரணம் பிக்ரோசைட் எனப்படும் கசப்புப் பொருட்கள். அவற்றின் அளவு செடி வளரும் சூழலைப் பொறுத்து மாறுகிறது. ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்திற்கும் புற ஊதாக்கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது, குளிரும் கடுமையாகிறது. இத்தகைய நெருக்கடிகளில் பல தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் இரசாயனங்களைக் கூடுதலாக உற்பத்தி செய்கின்றன.

இந்தியாவின் பாலம்பூரிலுள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவன விஞ்ஞானிகள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று இச்செடியைப் பற்றியது. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வளர்ந்த செடிகளைவிட, 15 பாகையில் வளர்ந்தவற்றில் பிக்ரோசைட் அதிகமாக இருந்தது. இருளில் வைத்த செடிகளைவிட ஒளியில் வளர்ந்தவற்றிலும் அவ்வாறே.

வர்த்தகருக்கு இதிலுள்ள பாடம் என்ன? பார்வைக்கு ஒரே மாதிரியான, ஒரே நிறையுள்ள இரண்டு மூட்டைகளில் மருந்தின் அளவு வேறு வேறாக இருக்கலாம். குறைந்த விலைக்குக் கிடைப்பது உண்மையில் மலிவான சரக்குத்தானா என்பதைத் தீர விசாரிக்க வேண்டும்.

கொள்வனவின்போது சரக்கு விளைந்த இடம், உயரம், அறுவடைக் காலம் ஆகியவற்றைக் கேளுங்கள். நேபாளப் பகுதியிலிருந்து வரும் நெருங்கிய இனமொன்றும் இதே பெயரில் விற்கப்படுவதால், தாவரவியல் பெயரைச் சிட்டையில் எழுதச் சொல்லுங்கள். பெருந்தொகையாக வாங்குவதாயின் மாதிரியொன்றை ஆய்வுகூடத்தில் பரிசோதித்து, பிக்ரோசைட் அளவை அறிந்த பின்னர் விலை பேசுங்கள். வெவ்வேறு இடத்துச் சரக்குகளை ஒன்றாகக் கலக்காதீர்கள்.

காடுகளில் அளவுமீறித் தோண்டப்பட்டதால், 1997 முதல் இச்செடி சைட்டிஸ் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. உரிய ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் இல்லாத வேர்ச் சரக்கு சுங்கத்தில் சிக்கினால் முதலே போய்விடும்.

அளவை நிறுவையில் மோசடி செய்வோரை அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் வன்மையாக எச்சரிக்கிறது. மருந்துச் சரக்கில் தராசு நேராக நின்றால் மட்டும் போதாது. வீரியம் குறைந்தது என அறிந்தே ஒரு சரக்கை உயர்தரமென விற்றால், நஷ்டப்படுபவர் அதை நம்பி மருந்து குடிக்கும் நோயாளியே.