ஆங்கிலப் பன்மையும் நம் பிள்ளைகளும்

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் வழியே சங்கானைக்குச் செல்லும் பெருந்தெருவிலே அமைந்துள்ளது சண்டிலிப்பாய். அதற்கு அண்மையிலுள்ள வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் ஒரு செமினரியைத் தொடங்கினர். வலிகாமத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் தொடங்கி இரு நூற்றாண்டு கடந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் அன்று காலில் தைத்த ஒரு சிறு முள் இன்றும் தைத்துக்கொண்டே இருக்கிறது. ஒழுங்குக்கு அடங்காத பன்மைச் சொற்களே அந்த முள்.

'கௌ' என்றால் பசு. பல பசுக்கள் 'கௌஸ்'. ஈற்றிலே ஓர் ஒலியைச் சேர்த்தால் போதும் என்று ஏழெட்டு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. பிறகு பாதத்தைக் குறிக்கும் 'ஃபுட்' வருகிறது. பிள்ளை மகிழ்ச்சியோடு 'ஃபுட்ஸ்' என்கிறது. 'ஃபீட்' என்றல்லவா சொல்லவேண்டும்! கொப்பியிலே சிவப்பு மையால் ஒரு கோடு. வீட்டிலே ஓர் அதட்டல். இரண்டு மூன்று முறை இவ்வாறு நிகழ்ந்தால், அடுத்த முறை விடை தெரிந்திருந்தாலும் பிள்ளை வாய் திறப்பதில்லை. ஒரு சொல் பிழைத்ததைவிட இந்த மௌனமே பெரிய நட்டம்.

உண்மையில் 'ஃபுட்ஸ்' என்ற விடை அறியாமையின் விளைவா? அமெரிக்க மொழியியலறிஞர் ஜீன் பெர்கோ என்னும் அம்மையார் 1958இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பறவை போன்ற ஒரு கற்பனை உயிரை வரைந்து, 'இது ஒரு வக்' என்று சிறு பிள்ளைகளுக்குக் காட்டினார். அடுத்து அத்தகைய இரண்டைக் காட்டி, 'இவை இரண்டு ...' என்று நிறுத்தினார். அந்தச் சொல்லை முன்பு எவரிடமும் கேட்டறியாத பிள்ளைகளிற் பெரும்பாலோர் 'வக்ஸ்' என்று முடித்தனர். மனனம் செய்து சொன்ன விடையன்று அது. விதியை அவர்களே உள்ளத்தில் அமைத்துக்கொண்டிருந்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகூட, முன்னர் 'ஃபீட்' என்று சரியாகச் சொல்லிவிட்டு, விதியைக் கண்டுகொண்டபின் சில காலம் 'ஃபுட்ஸ்' என்று சொல்வதுண்டு. ஆகவே அச்சொல்லைப் பிள்ளையின் சிந்தனைக்குச் சான்றாகவே ஆசிரியர் கொள்ளவேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு மற்றொரு தடையும் உண்டு. 'பத்து மாடு நிற்கிறது' என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். எண்ணுப்பெயர் வந்துவிட்டதால் 'கள்' விகுதி வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தினாலேயே பிள்ளை ஆங்கிலத்திலும் 'டென் கௌ' என்கிறது. சோம்பலால் வந்த பிழையன்று இது. தமிழ் நெடுகிலும் அப்படித்தான் வழங்கி வந்திருக்கிறது.

தடையாகத் தோன்றும் இதே தமிழ் மற்றோரிடத்தில் கைகொடுக்கும். 'யானை வந்தது', 'யானை வந்தன' என்னும்போது பெயர் மாறுவதில்லை. வினையே ஒருமை பன்மையைக் காட்டுகிறது. நன்னூலார் இத்தகைய பெயரைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பார். செம்மறியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய 'ஷீப்' அப்படியே இருக்கிறது. ஒன்றும் 'ஷீப்', பலவும் 'ஷீப்'. 'ஷீப் இஸ்' என்றால் ஒன்று, 'ஷீப் ஆர்' என்றால் பல. ஆங்கிலேயர் விதிவிலக்கு என்று தனியே படிப்பதை நம் பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறது!

'சைல்ட்' என்பது 'சில்ட்ரன்' ஆவதும் நமக்குப் புதிதன்று. மாணவன் என்பதன் பன்மை மாணவர். 'அர்' மரியாதைக்காக ஒருவரையும் குறிக்கத் தொடங்கவே, அதன்மேல் 'கள்' ஏறி 'மாணவர்கள்' ஆயிற்று. பழைய ஆங்கிலத்திலும் குழந்தைகளைக் குறிக்க 'சில்ட்ரு' என்ற பன்மை இருந்தது. அதன் பன்மைப் பொருள் மங்கியபோது, எருதைக் குறிக்கும் 'ஒக்ஸ்' என்பதை 'ஒக்சன்' ஆக்கும் விகுதியை அதன்மேலும் சேர்த்தனர். விகுதிமேல் விகுதி ஏற்றுவது இரு மொழிக்கும் பொதுவான வேலை.

'ஃபுட்', 'ஃபீட்' என்ற மாற்றத்துக்கும் காரணம் உண்டு. ஆங்கிலத்தின் மிகப் பழைய நிலையில் அச்சொல்லின் பன்மை இகரத்தில் முடிந்தது. அந்த இகரம் தனக்கு முன்னிருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்து மாற்றியது; பின்னர்த் தான் தேய்ந்து மறைந்தது. எலியைக் குறிக்கும் 'மௌஸ்' என்பது 'மைஸ்' ஆனதும் அவ்வாறே. தமிழகத்துப் பேச்சில் 'இலை' என்பது 'எலை' ஆவதும் பின்வரும் உயிர் முன்னுள்ளதை இழுப்பதால்தான். இவ்வரலாறு ஆசிரியர் அறிந்திருப்பதற்கு. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் குழப்பவேண்டாம்.

பிள்ளைக்கு வேண்டியது காதிலே பலமுறை விழுதல். நம் பாடசாலைகளில் முதலிரு வகுப்புகளிலும் ஆங்கிலம் வாய்மொழியாகவே புழங்குகிறது. காலையும் பல்லையும் தொட்டுக் காட்டி விளையாட ஏற்ற காலம் அதுவே. பிள்ளை 'டூ ஃபுட்ஸ்' என்றால், 'ஆம், டூ ஃபீட்' என்று மலர்ந்த முகத்தோடு திருப்பிச் சொல்லி, அச்சொல்லையே விடையாக வேண்டும் மற்றொரு கேள்வியைக் கேட்கலாம். இருபது சொற்களை அட்டவணையாக்கிச் சுவரில் தொங்கவிடுவதால் பயன் குறைவு. வாரத்துக்கு இரண்டு சொல் போதும். அவையும் அன்றாடம் வாயில் வருபவையாக இருக்கட்டும்.

பெண்ணைக் குறிக்கும் 'வுமன்' என்ற சொல்லில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். அதன் பன்மையை எழுதும்போது மாறுவது பிற்பகுதி. ஒலிக்கும்போதோ முற்பகுதியும் மாறி 'விமின்' ஆகிறது. எழுத்தைப் பார்த்துப் படிப்பவர் பலர், பெரியவர்கள்கூட, இங்கே இடறுவர். ஆகையால் இதை எழுத்தில் காட்டுமுன் செவியில் இட்டுவிடுவது நல்லது.

பாடநூல்கள் விரும்பும் 'கூஸ்', 'கீஸ்' என்ற பெருவாத்துக்கு அவசரமில்லை. சண்டிலிப்பாய் வயல்வெளியில் பிள்ளை காண்பது எருதும் ஆடும் எலியும். அவற்றை முதலில் எண்ணட்டும்.