ஜீப்பு வண்டியும் எண்ணெய்க் கணக்கும்

சங்கத்தின் செலவினங்களுள் அங்கத்தினர்களின் ஐயத்துக்கு மிக எளிதில் இடம் தருவது வண்டிக்கு ஊற்றும் எண்ணெய்ச் செலவே ஆகும். நூல் வாங்கினால் சிப்பம் கிடங்கில் இருக்கும். உரம் வாங்கினால் மூட்டை கண்ணுக்குத் தெரியும். டீசலோ ஊற்றிய மறுநாளே புகையாய்ப் போய்விடுகிறது. எஞ்சுவது ரசீது ஒன்றே. அந்த ரசீதுகளைக் கூட்டிப் பார்த்து ஆண்டு மகாசபையில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்கும்போது, நிர்வாக சபையினர் விடை கூற வகையறியாது விழிப்பதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். அவ்வேளையில் பழி யார்மேல் விழும்? டிரைவர்மேல்தான் விழும்.

2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியுடன் சேர்க்கப்பெற்ற அவனியாபுரத்தை அடுத்து ஒரு நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் கூட்டாக ஒரு பழைய நாற்சக்கர இயக்க ஜீப்பு வைத்திருக்கின்றன. விடியுமுன் மல்லிகை மொட்டு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போக வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் மொட்டு மலர்ந்துவிடும், விலை சரிந்துவிடும். பகலில் நூலும் நெய்த துணியும் அதே வண்டியில் போய்வரும். இவ்வண்டி முன்னர் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடியதாகப் பதிவேடு கூறுகிறது. பின்னர் அது 8 ஆகக் குறைந்தது. டிரைவர் டீசலை உறிஞ்சி விற்கிறார் என்று ஒரு சாரார் கூறினர். அவரை நீக்கவும், குறைந்த எண்ணெயின் விலையை அவரிடமிருந்தே வசூலிக்கவும் தீர்மானம் எழுதப்பட்டது. அந்த நிலையில்தான் விஷயம் ஆய்வுக்கு வந்தது.

எண்ணெய் கூடுதலாகச் செலவானது மெய். ஆனால் அது எங்கே போயிற்று என்பதை எவரும் அளந்து பார்க்கவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. எஞ்சினில் ஊற்றுவதை அளவாமல் ஒரு தொழிலாளியின் நாணயத்தைத் தீர்மானிப்பது எங்ஙனம் முறையாகும்?

ஜீப்பு நம் நாட்டுக்கு வந்த வரலாறு

இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் அமெரிக்கப் படைகள் ஓட்டிய வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த வண்டிகளே நம் ஊர்களில் ஓடும் பழைய ஜீப்புகள். 1947ஆம் ஆண்டு முதல் பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் இவற்றை இணைத்து விற்கலாயினர். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், வட்டார வளர்ச்சி அதிகாரியின் ஜீப்பு எட்டாத சிற்றூரே இல்லை என்னும் நிலை வந்தது. போடிநாயக்கனூர்ப் பக்கத்து மலைச்சாலைகளில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்வது இன்றும் ஜீப்பே. நம் தென்புறத்துக் கரிசல் பூமியில் ஒரு மழை பெய்தால் கண்மாய்க்கரைப் பாதையில் வேறு வண்டி நகராது. ஆகலின் இவ்வகை வண்டியை வைத்திருப்பது ஆடம்பரமன்று. ஆனால் அதன் இயல்பை அறிந்து வைத்திருத்தல் வேண்டும்.

சேற்றிலும் மேட்டிலும் ஏறுவதற்காக இழுவைப் பல்சக்கரங்கள் அமைக்கப்பெற்ற வண்டி இது. பழைய பெட்ரோல் ஜீப்புகளில் அச்சின் பல்விகிதம் 5.38. அதாவது, உச்ச கியரிலும் சக்கரம் ஒரு முறை சுழல எஞ்சின் ஐந்து முறைக்கு மேல் சுழல வேண்டும். நிமிர்ந்து நிற்கும் முன்கண்ணாடி காற்றை நேராக எதிர்க்கிறது. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். இத்தகைய வண்டியிடம் சிறு கார் தரும் மைலேஜை எதிர்பார்ப்பது, கைத்தறியிடம் விசைத்தறியின் கஜக்கணக்கைக் கேட்பதற்கு ஒப்பாகும். வண்டி தன் பழைய அளவிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் அளவை

தொட்டியை வாய்மட்டம் நிரப்பிக் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்க. வழக்கமான பாரத்துடன், வழக்கமான பாதையில் 200 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுக. மீண்டும் அதே பங்கில் அதே மட்டத்துக்கு நிரப்புக. ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதே மைலேஜ். பங்கின் அளவில் ஐயம் இருப்பின், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டுமாறு கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

மேற்படி சங்கத்தில் நிர்வாக சபையினர் இருவர் முன்னிலையில் தொட்டி மூடியும் அடிக்குழாய்த் திருகும் முத்திரையிடப்பட்டன. அதே டிரைவர் அதே வேலைக்கு நான்கு நாள் ஓட்டினார். கருவி காட்டிய தூரம் 240 கிலோமீட்டர். நிரப்பிய டீசல் 30 லிட்டர். கிடைத்தது 8. பதிவேட்டில் இருந்ததும் 8.

இதன் பொருளை அங்கத்தினர்கள் ஊன்றி நோக்க வேண்டும். டீசல் களவு போயிருந்தால், முத்திரையிட்ட சோதனையில் கூடுதல் மைலேஜ் வந்திருக்கும். பதிவேட்டுக் கணக்கு மட்டும் குறைந்து நின்றிருக்கும். இரண்டும் ஒன்றாகவே இருந்தமையால், எண்ணெயைத் தின்றது வண்டியே என்பது வெளிப்படை. ஸ்பானரைக் கையில் எடுக்கு முன்னரே ஒரு மனிதனின் மேலிருந்த பழி நீங்கிற்று. மாறாக வந்திருந்தால், களவுக்கு அதுவே முதற்சான்றாகவும் நின்றிருக்கும். சோதனைக்கு வேண்டியவர் வேண்டாதவர் இல்லை.

அடுத்து, தூரம் காட்டும் கருவியைச் சோதித்தல் வேண்டும். நெடுஞ்சாலையின் கிலோமீட்டர்க் கற்களைக் கொண்டு 20 கிலோமீட்டர் ஓட்டியபோது கருவி 19.2 என்றே காட்டிற்று. காரணம் டயர். முன்னர் இருந்தது 215/75 அளவுள்ள 15 அங்குல டயர். அதன் விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். பின்னர் மாட்டியது 235/75 அளவுள்ளது; விட்டம் ஏறத்தாழ 733. பெரிய சக்கரம் ஒரே தூரத்துக்குக் குறைந்த முறை சுழலும். சுழற்சியை எண்ணும் கருவியோ தூரத்தைக் குறைத்துக் காட்டும். ஆகவே 240 என்று காட்டியது உண்மையில் 250. மைலேஜ் 8 அன்று, 8.33. டயர் மாற்றிய நாள் முதல் டிரைவரின் கணக்கில் நூற்றுக்கு நான்கு கிலோமீட்டர் எவர் கண்ணிலும் படாமல் விடுபட்டு வந்தது.

காசில்லாமல் காணக்கூடியவை

இரவில் வண்டியின் அடியில் பழைய அட்டையை விரித்து வைத்தால் காலையில் கசிவு தெரிந்துவிடும். தொட்டி, குழாய், வடிகட்டி, நாசிலிலிருந்து திரும்பும் சிறு குழாய் ஆகிய இடங்களைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

டயர்க் காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் அளக்க வேண்டும். ஓடியபின் சூட்டினால் அழுத்தம் கூடிக் காட்டும்.

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பதற்கு எளிய சோதனை உண்டு. பிரேக்கை அதிகம் மிதியாமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு டிரம்மின் அருகிலும் புறங்கையைக் கொண்டுசென்றால், மிகுந்து சுடும் சக்கரமே குற்றவாளி. பின்பு ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்து உறுதி செய்யலாம். பழைய ஜீப்புகளுள் பலவற்றில் கைபிரேக்கு சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம் தனி டிரம்மில் இருக்கிறது. அது அரைகுறையாய்ப் பிடித்திருந்தால் சக்கர டிரம்மைத் தொட்டுப் பார்ப்பதால் தெரியாது. அதையும் தனியே காண வேண்டும்.

நாற்சக்கர இயக்கத்தின் தனிக் கணக்கு

முன் அச்சை இணைக்கும் லீவர் சேற்றுக்கும் மணலுக்கும் உரியது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வேற்றுமையை ஈடுசெய்ய இவ்வகை ஜீப்பின் நடுவில் டிபரன்ஷியல் கிடையாது. ஆதலால் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தையும் இணைத்து ஓட்டினால் அச்சுகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று, டயரையும் டீசலையும் வீணாக்கும். முன் டயர் ஓர் அளவும் பின் டயர் ஓர் அளவுமாக இருந்தால் கேடு இன்னும் பெரிது. தாழ்நிலை லீவர் விழுந்திருந்தாலோ, பழைய ஜீப்புகளில் எஞ்சின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடுதலாகச் சுழல வேண்டிவரும்.

லீவரை விடுவித்தாலும் வேலை முடிந்ததாகாது. முன் சக்கரங்களில் ப்ரீவீல் ஹப் இருந்து அது பூட்டப்பட்டே கிடந்தால், சக்கரம் சுழலும்போது முன் அச்சும் அதன் நீள்தண்டும் வேலையின்றிச் சுழன்றுகொண்டிருக்கும். மழைக்காலத்தில் பூட்டிய ஹப்பைக் கோடை வந்தும் திறவாத வண்டிகள் பல.

எஞ்சினுக்குள் காண வேண்டியவை

புகையின் நிறம் நல்ல சாட்சி. கரும்புகை, எண்ணெய் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை வந்தால், டீசல் முழுதும் எரியவில்லை. பம்பின் டைமிங் பிந்தியிருக்கலாம், அல்லது அழுத்தம் குறைந்திருக்கலாம். நீலப்புகை வந்தால் எரிவது எஞ்சின் ஆயில்.

கண்மாய்க்கரைப் புழுதியில் ஓடும் வண்டிக்கு ஏர் பில்டரே நாசி. பழைய வண்டிகளில் எண்ணெய்க் கிண்ணமுள்ள பில்டர் இருக்கும். அடியில் சேறு திரண்டதும் கழுவிப் புது ஆயிலைக் குறித்த மட்டத்துக்கு ஊற்ற வேண்டும்.

மற்றொன்று, நம் வெப்ப நாட்டில் வழிவழியாக நடந்துவரும் தவறு. எஞ்சின் சூடாகக் கூடாது என்று தெர்மாஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். நீர் ஏறத்தாழ 80 டிகிரி சூட்டை அடையும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பதே அதன் பணி. அது இல்லையேல், விடியற்காலையில் புறப்படும் வண்டி வெகுதூரம் குளிர்ந்த எஞ்சினுடனேயே ஓடும். குளிர்ந்த எஞ்சின் எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சூடேறும் நோய்க்கு மருந்து ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதே.

பெட்ரோல் வண்டியானால் சோக்கு முழுதும் திறக்கிறதா, கார்புரேட்டரின் மிதவை மட்டம் சரியா என்று காண்க. பிளக்கு முனை வெளிர்பழுப்பாக இருத்தல் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் இரைந்தும் வண்டி விரையாவிடில் கிளச்சு வழுக்குகிறது. நாசிலையும் பம்பையும் அதற்குரிய சோதனைக் கருவியுள்ள பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். அவற்றைத் திறப்பது மற்றவர் வேலையன்று.

ஒவ்வொன்றாகச் செய்க

இங்கே ஒரு விதியை வற்புறுத்துகிறோம். ஐந்து பழுதையும் ஒரே நாளில் பார்த்துப் பெரிய பில்லாகக் கொடுத்தால், எதனால் பயன் விளைந்தது என்று எவருக்கும் தெரியாது. பாவில் குற்றம் கண்ட நெசவாளர் தறி முழுவதையும் பிரிப்பதில்லை. இழையைத் தொடர்ந்து சென்று முடிச்சைக் கண்டுபிடிக்கிறார். செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி, ஒன்றைத் திருத்தி, மீண்டும் தொட்டி நிரப்பி அளக்க வேண்டும்.

அச்சங்கத்தில் அவ்வாறே செய்யப்பட்டது. பூட்டிக் கிடந்த ஹப்பை விடுவித்து, பிடித்துக்கொண்டிருந்த இடப்புறப் பின் பிரேக்கைச் சரிசெய்தபின், உண்மைத் தூரக் கணக்கில் மைலேஜ் 9.2 ஆயிற்று. ஏர் பில்டரைக் கழுவித் தெர்மாஸ்டாட் மாட்டியதும் 10. நாசில்களைச் சோதித்து அழுத்தம் திருத்தியபின் 10.6. பழைய 11 திரும்பவில்லை. வண்டியின் வயது ஒரு காரணம். பூச்சந்தையில் இறக்குகூலி ஆள் வரும்வரை எஞ்சினை அணையாது நிறுத்திவைக்கும் வழக்கம் மற்றொரு காரணம்; அது டிரைவர் திருத்திக்கொள்ள வேண்டிய குறை, களவன்று. 1978இல் அமைந்த பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கமும், நிற்கையில் எஞ்சினை அணைப்பதையும் மிதவேகத்தையுமே சிக்கனத்துக்கு வழியாகச் சொல்லிவருகிறது.

முன்னர் 250 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் வேண்டியிருந்தது, இப்போது 23.6 லிட்டர் போதும். நான்கு நாளைக்கு 6.4 லிட்டர் மிச்சம். ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் 480 லிட்டர். அன்றைய விலையால் பெருக்கிப் பார்த்தால், இது எத்தனை அங்கத்தினரின் பங்குத் தொகைக்கு ஈடு என்பது விளங்கும். நீக்கத் தீர்மானம் கைவிடப்பட்டது. டிரைவர் வேலையில் தொடர்கிறார்.

பதிவேடு எப்படி இருக்க வேண்டும்?

தேதி, புறப்பட்ட எண், திரும்பிய எண், பாரம், பாதை, ஊற்றிய லிட்டர் ஆகியவற்றுடன் இன்னும் மூன்று பத்திகள் இருத்தல் வேண்டும்: டயர் அல்லது உறுப்பு மாற்றிய விவரம், நான்கு சக்கர இயக்கத்தில் ஓடிய தூரம், மாதம் ஒருமுறை தொட்டி நிரப்பி அளந்த மைலேஜ். டிரைவரும் செயலாளரும் இருவருமே கையொப்பமிட வேண்டும். அளவு நூற்றுக்குப் பத்துக் குறைந்தால், அந்த மாதமே முத்திரைச் சோதனை நடத்துக. ஆண்டு முடிவில் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்துத் திடுக்கிடுவதில் பயனில்லை.

தண்டத்தீர்வையும் நீக்கமும் சட்டம் அளித்த கருவிகள். அவற்றைக் கையில் எடுக்குமுன் அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டும். சங்கத்தின் பணம் அங்கத்தினரின் வியர்வை. சங்கத்தில் உழைப்பவரின் நற்பெயரும் அவ்வாறே. இரண்டையும் ஒருசேரக் காப்பது சரியான கணக்கு ஒன்றே.