எட்டரை லட்சமும் எட்டு லட்சமும்

மார்ச் மாத முடிவோடு காலாவதியாகும் வீட்டுப் பாலிசிகளைக் கோடை மழையின் சூறைக்காற்று வருமுன் புதுப்பித்துவிட வேண்டுமென்ற அவசரத்தில் எடப்பாடி, கொங்கணாபுரம், ஜலகண்டாபுரம் வட்டாரத்து வாசகர்கள் எழுதியிருக்கும் கடிதங்களில் ஒரே கலக்கம் தொனிக்கிறது: பிரீமியம் ஏறிவிட்டதே, காப்புத் தொகையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுக்கொண்டால் என்ன?

ஏறியதில் ஆச்சரியமில்லை. கடலையே காணாத ஊத்தங்கரையில், 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிய பிறகு, புயல் கடற்கரைவாசிகளின் விசாரம் என்று எந்தக் கம்பெனியும் கருதப் போவதில்லை. 2007 ஜனவரியில் தீக் காப்பீட்டுக் கட்டணங்களின் மேலிருந்த கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது, போட்டியினால் விலை தணியும் என்பதே சொல்லப்பட்ட நியாயம், தணியவும் செய்தது, ஆனால் இறங்கிய அதே படியில் ஏறவும் முடியும் என்பதை யாரும் அவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லவில்லை.

குறைத்துப் போடும் யோசனைக்கு வருவோம். பத்து லட்ச ரூபாய் பெறுமான சொத்தை ஆறு லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு இரண்டு லட்சம் நஷ்டமானால், ஆறு லட்சம் வரை பாதுகாப்பு உண்டென்று அவர் நம்பியிருக்க, கம்பெனியோ பத்தில் ஆறு பங்கு மட்டுமே தன் பொறுப்பு என்று விகிதாசாரம் பார்த்து 1,20,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். ஏஜெண்டுகள் 'ஆவரேஜ் கிளாஸ்' என்று மெல்லிய குரலில் சொல்லும் ஷரத்து இதுதான். 2021 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி குடியிருப்புகளுக்கு இந்த ஷரத்தை அடியோடு தள்ளிவிட்டது, நல்ல காரியந்தான். வீட்டின் உட்பரப்பையும் கட்டுமானச் செலவையும் பெருக்கித் தொகையை நிர்ணயிப்பதால், மனையின் விலையைச் சேர்த்து வீண் பிரீமியம் கட்டும் தவறுக்கும் இடமில்லை.

ஆனால் நம் ஊரில் வீடு வீடாக மட்டுமா இருக்கிறது? முன்கட்டில் குடித்தனம், பின்கட்டில் சிமெண்ட் அட்டைக் கூரையின் கீழ் நான்கு விசைத்தறி. தறியும் நூலும் பாவும் தட்டுமுட்டுச் சாமான்களோடு சேராது, அவை தொழிற்சொத்து. ஐந்து கோடி ரூபாய்க்கு உட்பட்ட தொழில்களுக்கான 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியின் கீழ் வருவன. அங்கே பெருந்தன்மை 15 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. பத்து லட்சத் தறிக்கூடத்தை எட்டரை லட்சத்துக்குப் போட்டவர், இரண்டு லட்சம் சேதமானால், கேட்டதைப் பெறலாம். எட்டு லட்சத்துக்குப் போட்டவருக்கோ பழைய விகிதாசாரம் மீண்டும் உயிர்பெற்று, 1,60,000 ரூபாயே கைக்கு வரும். ஐம்பதாயிரத்துக்கான சொற்பப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கப் போய் நாற்பதாயிரத்தை இழப்பது! சலுகை என்று பறைசாற்றப்படும் ஒன்றின் விளிம்பில் இப்படியொரு பள்ளம் இருப்பதை விளம்பரத் தாளிலும் பெரிய எழுத்தில் அச்சிட்டால் என்ன?

மற்றக் கேள்விகள். வீட்டுச் சாமான்கள்? கிருஹ ரக்ஷாவில் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் பத்து லட்சம், பட்டியல் கொடாமலே சேரும். ஓதமேறிப் பழுதடைந்த பழஞ்சுவர் சரிந்தால்? அது புயல் சேதமன்று; தேய்மானம் என்பார்கள். தறி ஓடுவதை மறைக்கலாமா? கூடாது, விண்ணப்பத்திலேயே எழுத்தில் தெரிவியுங்கள். தகராறானால்? சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் 50 லட்சம் வரை கட்டணமின்றி முறையிடலாம்.

'சர்க்கார் நிவாரணம் இருக்கையில் காப்பீடு எதற்கு' என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். 2022-26 ஆண்டுகளுக்கான மத்திய விதிப்படி, சமவெளியில் ஓரளவு சேதமான பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாய். அதுவும் சேதம் 15 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்.