ஆளில்லாக் கப்பல்கள்: குளத்தில் நடக்கும் ஒரு கடற்போர் பற்றி

பால்சா மரத் தகட்டில் செய்த ஒரு போர்க்கப்பல். நீளம் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. கரையில் நிற்கும் ஆள் கையிலுள்ள ரேடியோ கருவியின் குமிழைத் தள்ளினால் கப்பல் திரும்புகிறது. இன்னொரு பொத்தானை அழுத்தினால் அதன் பீரங்கி சுடுகிறது, நிஜமாகவே சுடுகிறது. கரியமில வாயுவின் அழுத்தத்தில் பாயும் நாலரை மில்லிமீட்டர் குண்டு எதிர்க் கப்பலின் விலாவைத் துளைக்கிறது. தண்ணீர் ஏறுகிறது. உள்ளே இருக்கும் சின்ன பம்ப் இறைத்துப் பார்க்கிறது. முடியாதபோது கப்பல் மூழ்குகிறது. கரையில் இருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். பிறகு சொந்தக்காரர் தண்ணீரில் இறங்கி, மிதவை கட்டிய கயிற்றைப் பிடித்துக் கப்பலை மேலே தூக்கி, ஓட்டைகளை எண்ணி, ஒட்டுப்போட்டு, காயவைத்து மறுபடியும் சண்டைக்கு விடுகிறார்.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கிய பொழுதுபோக்கு இது. இன்று கனடா, ஆஸ்திரேலியா என்று வேறு சில நாடுகளிலும் இதற்கான மன்றங்கள் உள்ளன. ஆடுபவர்கள் பெரும்பாலும் நடுவயது ஆண்கள். 'சும்மா வெளையாட்டுதானே' என்று தள்ளிவிடலாம். ஆனால் விதிகளைப் பார்த்தால் விளையாட்டு என்கிற சொல்லே கொஞ்சம் தடுமாறுகிறது.

எதை வேண்டுமானாலும் கட்டி மிதக்கவிட முடியாது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏதாவதொரு நாட்டுக் கடற்படையிடம் உண்மையிலேயே இருந்த கப்பலாக இருக்க வேண்டும். அளவு 144இல் ஒரு பங்கு. 251 மீட்டர் நீளமிருந்த ஜெர்மானிய பிஸ்மார்க் இந்தக் கணக்கில் ஒன்றே முக்கால் மீட்டருக்கு வரும். எந்த வகைக் கப்பல் எவ்வளவு வேகம் போகலாம், எத்தனை பீரங்கி வைக்கலாம், பம்ப் எவ்வளவு தண்ணீர் இறைக்கலாம் என்பதற்கெல்லாம் வரையறை உண்டு. பலகை குண்டு துளைக்கிற மென்மையில் இருந்தே ஆக வேண்டும். கெட்டியாகக் கட்டுவது ஏமாற்று. நீர்மட்டத்துக்கு மேலே விழும் ஓட்டைக்கு 10 புள்ளி, மட்டத்தில் விழுந்தால் 25, அதற்குக் கீழே என்றால் 50 என்பது பரவலான கணக்கு. குண்டு தீர்ந்தவர் 'அஞ்சு' என்று கூவ வேண்டும். அதன்பிறகு ஐந்து நிமிடம் களத்தில் தாக்குப்பிடித்தால்தான் கரையேறலாம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லோரும் சேர்ந்து அவர் மேல் பாய்வார்கள். அணி பிரிப்பதுகூடப் பெரும்பாலும் நேசநாடு, அச்சுநாடு என்றுதான்.

இவ்வளவு துல்லியம் பேசும் விதிநூலில் ஒன்று மட்டும் இல்லை. மனிதன். அதே கணக்கில் ஒரு மாலுமி 12 மில்லிமீட்டர் உயரம் இருப்பான், ஏறக்குறைய ஒரு விரல் நகம். தளத்தில் ஆள் பொம்மை ஒட்டக் கூடாது என்று தடை ஒன்றும் கிடையாது. ஒட்டினால் அதற்குப் புள்ளி இல்லை, அவ்வளவுதான். பிஸ்மார்க் 1941 மே மாதம் மூழ்கியபோது ஏறத்தாழ 2,200 பேர் அதில் இருந்தார்கள். பிழைத்தவர்கள் நூற்றுச் சொச்சம். குளத்துப் பிஸ்மார்க் எத்தனை முறை மூழ்கினாலும் திரும்பி வருகிறது. போரைச் சிறிதாக்குவது என்றால் அளவைக் குறைப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே நடப்பது கழித்தல் கணக்கு. இரும்பு, பீரங்கி, வேகம், வியூகம் எல்லாவற்றையும் 144ஆல் வகுத்துவிட்டு, ஆளை மட்டும் பூஜ்யத்தால் பெருக்கிவிடுகிறார்கள்.

ரோலான் பார்த் 1957இல் வெளியான 'புராணிகங்கள்' நூலில் பொம்மைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரெஞ்சுப் பொம்மைகள் பெரியவர்களின் உலகத்தை அப்படியே குறுக்கிக் குழந்தை கையில் திணிக்கின்றன, ராணுவமும் தபாலாபீசும் மருத்துவமும் இயற்கையானவை என்று குழந்தை ஏற்றுக்கொள்கிறது, குழந்தை படைப்பவனாக இல்லாமல் உபயோகிப்பவனாக ஆகிறது என்பது அவர் வாதம். நம் விஷயத்தில் இது பாதிதான் பொருந்தும். குளத்துக் கப்பற்காரர் மாதக்கணக்கில் மரத்தை இழைத்து, சட்டம் கோத்து, வால்வு செய்து, தோற்று, மறுபடி செய்கிறவர். பார்த் ஏங்கிய அந்த மரமும் கைவேலையும் இங்கே இருக்கின்றன. உழைப்பும் படைப்பும் இருந்துவிட்டால் கருத்தியல் கரைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் (நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம்) இந்தக் கரையில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம். லெவி ஸ்த்ராஸ் சொன்னது இன்னும் பக்கத்தில் வருகிறது. நிஜப் பொருளை அறியும்போது பகுதிகளிலிருந்து முழுமைக்குப் போகிறோம், சிற்றுருவில் முழுமை முதலிலேயே கைக்கு வந்துவிடுகிறது என்கிறார். கரையில் நிற்பவருக்கு மொத்தப் போரும் ஒரே பார்வையில் தெரிகிறது. எந்தக் கடற்போரிலும் எந்த மாலுமிக்கும் கிடைக்காத பார்வை அது. கொதிகலன் அறையில் கரி தள்ளியவனுக்கு வானம்கூடத் தெரிந்திருக்காது.

விளையாட்டுக்கும் போருக்கும் நடுவிலுள்ள சுவர் எப்போதுமே மெல்லிய பலகைதான். பிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் 1898இல் ஒரு கடற்போர் விளையாட்டை உருவாக்கினார். அதே ஆண்டு, அதற்கும் உதவும்படியாக, உலகப் போர்க்கப்பல்களின் விவரத் தொகுப்பு ஒன்றையும் கொண்டுவந்தார். அந்தத் தொகுப்புதான் வளர்ந்து 'ஜேன்ஸ்' என்ற பெயரில் இன்றைக்கும் ராணுவ அலுவலகங்களின் அலமாரியில் இருக்கிறது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'சின்னப் போர்கள்' என்று ஒரு புத்தகம் எழுதினார்: ஈயச் சிப்பாய்களை வரிசைகட்டி, மரக்குச்சி சுடும் பொம்மைப் பீரங்கியால் வீழ்த்தும் விளையாட்டு. பெரிய போர் எவ்வளவு முட்டாள்தனம் என்பதைச் சின்னப் போர் புரியவைக்கும் என்று நிஜமாகவே நம்பினார் மனிதர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் முதல் உலகப் போர்.

இதற்கு நேரெதிர் ரோமாபுரியில் நடந்தது. கி.பி. 52இல் கிளாடியஸ் மன்னன் ஃபூகினோ ஏரியில் ஏற்பாடு செய்த போலிக் கடற்போரில் 19,000 பேரை இறக்கியதாகத் தாசிடஸ் எழுதுகிறார். அத்தனை பேரும் தண்டனைக் கைதிகள். போர் பொய், சாவு மெய். இங்கிலாந்தின் ஸ்கார்பரோ நகரத்துப் பூங்கா ஏரியில் 1927 முதல் ஒரு பொம்மைக் கடற்போர் கோடைதோறும் நடந்துவருகிறது. அதில் பல கப்பல்களுக்குள் நகராட்சி ஊழியர்கள் குனிந்து உட்கார்ந்து ஓட்டுவார்கள். சம்பளத்துக்குப் போர்க்கப்பலாக இருப்பது! மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கப்பலுக்குள் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியைப் போர் விளையாட்டால் ஒருபோதும் முழுக்கத் தட்டிக்கழிக்க முடிந்ததில்லை என்று தெரிகிறது. டெக்சாஸ்காரர்கள்தான் அதைச் சுத்தமாகத் தீர்த்துவைத்தவர்கள்.

சரி, இதையெல்லாம் மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஏன் எழுத வேண்டும்? இங்கே தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் கப்பல் மாதிரி செய்யக் கற்றுத்தருகிறார்கள், அகில இந்திய முகாமில் போட்டியும் உண்டு. ஆனால் அங்கே மாதிரிகள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்வதில்லை, சரியாக இருந்தால் போதும். சண்டை போட நம்மிடம் குளமும் குறைவு. மாம்பலத்து நீண்ட ஏரியில் ஒருகாலத்தில் வெள்ளைக்காரர்கள் படகுப் போட்டி நடத்தினார்கள். 1920களில் அதைத் தூர்த்துத் தியாகராய நகரைக் கட்டினோம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. மிச்சமிருப்பது கோயில் குளங்கள். கபாலீசுவரர் குளத்தில் தை மாதம் மூன்று இரவு தெப்பம் விடுகிறார்கள். பீப்பாய்கள் மேல் மரம் அடித்து, மின்விளக்குத் தோரணம் கட்டி, கோயிலையே சிறிதாக்கித் தண்ணீரில் விடுகிற காரியம். அதுவும் சிற்றுருதான். ஆனால் உள்ளே ஆள் இல்லாமல் தெப்பம் நகராது. சாமி, அர்ச்சகர், நாதஸ்வரம், கயிறு பிடிக்கிறவர்கள் எல்லோரும் வேண்டும். எங்கும் போய்ச் சேராமல் சுற்றி வருவதற்கே இத்தனை பேர்.

சங்கப் பிரதிகளிலும் பொம்மை வாகனம் உண்டு. பட்டினப்பாலையில் பையன்கள் உருட்டும் மூன்று சக்கரத் தேரை வழிமறிப்பது, கோழியை விரட்ட வீட்டுப் பெண்கள் எறிந்த பொற்குழை. பிள்ளைத்தமிழ் வரும்போது இது சட்டமாகிவிடுகிறது. ஆண்பிள்ளைக்குச் சிறுதேர், சிறுபறை; பெண்பிள்ளைக்கு அம்மானை, ஊசல். பெண்கள் மணலில் கட்டிய சிற்றிலைச் சிதைப்பதுகூட ஆண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவம். டெக்சாஸ் குளக்கரையில் ஏன் ஆண்களாகவே நிற்கிறார்கள் என்று கேட்பவர்கள் இங்கிருந்தும் தொடங்கலாம்.

ஆனால் மெட்ராஸுக்குப் போர்க்கப்பலோடு உள்ள உறவு குளத்தில் ஏற்பட்டதல்ல. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணிவாக்கில் எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் கரையிலிருந்து ஏறக்குறைய 3,000 கஜ தூரத்தில் நின்று, தேடுவிளக்கை அடித்து, 130 குண்டுகள் போலச் சுட்டது. துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் சிலரே. ஆனால் அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு போனார்கள். குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு உயர்நீதிமன்ற மதிலில் இருக்கிறது. பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரிய வேண்டும் என்பதற்காக எம்டன் ஒரு போலிப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு திரிந்த கப்பல் என்பது இன்னொரு வேடிக்கை. அந்தப் பொய்யோடுதான் அடுத்த மாதம் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. நிஜக் கப்பலே மாதிரிக் கப்பலாக நடித்த கதை. 118 மீட்டர் நீளக் கப்பல். குளத்துக் கணக்கில் 82 சென்டிமீட்டர்.

நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டு எம்டன் தரைதட்டியது. தமிழில் மட்டும் அது மூழ்கவே இல்லை. 'அவன் பெரிய எம்டன்', 'எம்டன் மாதிரி வந்து நிக்கிறான்'. குறிப்பான் கழன்று கரைக்கு நீந்தி வந்துவிட்டது. வந்து என்னவாக ஆயிற்று? ஆளாக. கப்பலின் பெயர் ஒரு மனிதக் குணத்தின் பெயராயிற்று: சூட்சுமக்காரன், அடாவடிக்காரன், சொல்லாமல் வந்து அடிப்பவன், கொஞ்சம் ரசிக்கத்தக்கவனும்கூட. காலனியாட்சிக்கு அடி விழுந்ததில் இருந்த ரகசியச் சந்தோஷமும், தன் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயமும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அகராதிக்காரர்களால் இதைப் பிரிக்க முடியாது.

கப்பலை ஆளாக்கியது போதாதென்று கப்பலுக்குள் நம் ஆள் ஒருவரையும் ஏற்றினோம். எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தான் வழிகாட்டினார் என்ற கதை இன்றுவரை மேடைகளில் சொல்லப்படுகிறது. ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்காக அவர் அமைப்பு கட்டியது வரலாறு. கப்பலில் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. அடையாறு பக்கம் காந்தி மண்டப வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. கதை பொய் என்று நிரூபிப்பதில் எனக்கு அக்கறை குறைவு. இருட்டில் கரையில் நின்றவர்களுக்குத் தேடுவிளக்கும் தீயும்தான் தெரிந்தன. முகமில்லாத அந்த இரும்புக்கு ஒரு முகம் வைக்காமல் இந்த ஊரால் தூங்க முடியவில்லை. டெக்சாஸ்காரர் கப்பலிலிருந்து ஆளை இறக்கிவிடுகிறார், மெட்ராஸ்காரர் இல்லாத ஆளை ஏற்றிவைக்கிறார். கப்பல் வைத்திருப்பவனின் கற்பனைக்கும் குண்டு விழும் பக்கத்தில் நிற்பவனின் கற்பனைக்கும் உள்ள வித்தியாசம் இது. (2006இல் 'எம்டன் மகன்' என்று எடுத்த படத்தை 'எம் மகன்' என்று மாற்றி வெளியிட்டார்கள், தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்கு வேண்டுமே. தொண்ணூறு வருஷம் தெருவில் புழங்கிய சொல்லுக்கு அரசு ஏட்டில் தமிழ்க் குடியுரிமை இல்லை!)

மெட்ராஸ் ஒரே இரவோடு தப்பியது. பாக் நீரிணையில் தொழில் செய்கிறவர்களுக்குப் போர்க்கப்பல் சொல்லாகவும் ஆகவில்லை, விளையாட்டாகவும் ஆகவில்லை. 2017 மார்ச்சில் ராமேசுவரம் தீவைச் சேர்ந்த இளம் மீனவர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். இலங்கைக் கடற்படை தாங்கள் சுடவில்லை என்றது. 2022 அக்டோபர் 21 அன்று அதே நீரிணையில் சுட்டது இந்தியக் கடற்படை. படகை நிறுத்தச் சொல்லி எச்சரித்தோம், நிற்கவில்லை என்று விளக்கம் வந்தது. தமிழக மீனவர் ஒருவர் குண்டடிபட்டு மதுரை மருத்துவமனைக்குப் போனார். குளத்து விதிநூலில் சரக்குக் கப்பலுக்குக்கூட மன்றங்கள் புள்ளி வைத்திருக்கின்றன. 144இல் ஒரு பங்கு என்றால் ஏழு மீட்டர் வள்ளம் அஞ்சு சென்டிமீட்டர்தான் வரும். அதை யாரும் கட்டுவதில்லை. நீரிணையிலிருந்து திரும்பி வந்த அந்தப் படகின் பலகையிலும் ஓட்டைகள் இருந்தன. அவற்றைப் போலீஸ்காரர்கள் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள்.