சர்க்கரையை ஒளியால் அளத்தல்

ஒரு துளி ரத்தம் சொல்லாதது

நீரிழிவுக்காரர் விரல் நுனியைக் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தம், அந்த நிமிஷத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதைச் சொல்லுமேயன்றி, அது ஏறிக்கொண்டிருக்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதைச் சொல்லாது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கோ இந்த இரண்டாவது கேள்வியே முக்கியமானது. ஏனெனில் 110 என்ற அளவு நிலையாக நின்றால் நிம்மதி. நடுநிசியில் விரைந்து சரிந்துகொண்டிருந்தால் அபாயம். இக்குறையைப் போக்கவே ஓயாமல் அளந்துகொண்டிருக்கும் உணரிகள் தோன்றின.

நொதியின் வழி

அவற்றுள் பெரும்பாலானவை 1962-ல் லீலண்ட் கிளார்க் காட்டிய மார்க்கத்தில் வந்தவை. குளூகோஸ் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி சர்க்கரையை ரசாயன மாற்றத்துக்கு உள்ளாக்க, அதனால் எழும் மின்னோட்டத்தை மின்முனை அளக்கிறது. நல்ல முறைதான், ஆயினும் நொதி நாளடைவில் வீரியம் குன்றும் புரதமாகையால், இத்தகைய உணரிகளைப் பத்துப் பதினைந்து நாட்களுக்கொருமுறை மாற்றவேண்டியிருக்கிறது.

போரானின் வித்தை

1994-ல் ஜப்பானில் டோனி ஜேம்ஸ், செய்ஜி ஷிங்காய் முதலிய விஞ்ஞானிகள் ஆந்த்ரசீன் மூலக்கூறில் இரண்டு போரானிக் அமிலத் தொகுதிகளைப் பிணைத்து, குளூகோஸைத் தேர்ந்து பற்றும் ஒரு பொருளை உண்டாக்கினார்கள். ஆந்த்ரசீன், கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரை ஏற்று நீல ஒளியை உமிழும் சுபாவமுடையது. ஆனால் அதன் அருகே அமைந்த நைட்ரஜன் அணு, தன் எலெக்ட்ரானைக் கொடுத்து அவ்வொளியை அவித்துவிடும். சர்க்கரை வந்து போரானோடு பிணைந்ததும் நைட்ரஜன் அடங்கிவிட, ஒளி பிரகாசிக்கிறது. சர்க்கரை விலகினால் மங்குகிறது. இம்முறையில் சர்க்கரை செலவாவதே இல்லை என்பதுதான், என் அபிப்பிராயத்தில், இதன் மெய்யான மேன்மை.

புஜத்தில் ஓர் உருளை

இதையொத்த சாயத்தைத் தாங்கி, அமெரிக்காவின் மேரிலாந்திலுள்ள சென்சியோனிக்ஸ் நிறுவனத்தார் செய்த 'எவர்சென்ஸ்' உணரி, சுமார் 18 மில்லிமீட்டர் நீளமும் 3.5 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள உருளை. மேற்கையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு கீறலின் வழியே வைத்தியர் அதைத் தோலுக்கடியில் பொதிக்கிறார். உள்ளே மின்கலம் கிடையாது. தோலின்மேல் ஒட்டிய கருவியே அதற்குச் சக்தியூட்டி, ஐந்து நிமிஷத்துக்கொருமுறை அளவைக் கைபேசிக்கு அனுப்புகிறது. அந்நியப் பொருளை எதிர்க்கும் உடலின் அழற்சியில் பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு சாயத்தைச் சிதைக்கக்கூடுமாதலால், அழற்சியைத் தணிக்க டெக்ஸாமெத்தசோன் மருந்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் வளையமொன்றும் உண்டு. 2018-ல் 90 நாட்களுக்கும், 2022-ல் 180 நாட்களுக்கும், 2024-ல் ஓர் ஆண்டுக்கும் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

எச்சரிக்கையாக இருக்கவேண்டிய வேளைகள்

இவ்வுருளை அளப்பது ரத்தத்தையன்று, திசுக்களினிடையே ஊறும் திரவத்தை. ரத்தத்தில் நேர்ந்த மாறுதல் அங்கே சில நிமிஷம் பிந்தியே வந்துசேரும்; உணவுக்குப் பின்னும் தேகாப்பியாசத்தின்போதும் இந்த வேறுபாடு மிகும். அளவைச் சரிபார்க்க இடையிடையே விரலைக் குத்தித்தான் ஆகவேண்டும். ஊசிமுனைக்கு அடியோடு விடுதலை என்று எவரேனும் விளம்பரம் செய்தால் நம்பவேண்டாம். வியர்வையும் நடுக்கமும் கண்டு, உணரியோ எல்லாம் க்ஷேமமென்று காட்டினால், விரல் ரத்தத்தையே நம்பவேண்டும். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் இவ்வுணரியின் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும்; அவ்வகை மருந்துகளை முகப்பருவுக்குக்கூட எழுதிக்கொடுப்பது வழக்கமாகையால், எந்த வைத்தியரிடம் எதற்காகப் போனாலும், புஜத்தில் உணரி இருப்பதை முதலில் சொல்லிவிடவேண்டும்.