தேன் பெட்டி வைக்க இடம் தேடலாம், கம்ப்யூட்டரில்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கூகுள் எர்த் புரோகிராமைத் திறந்தவுடன் நாம் செய்யும் முதல் வேலை, நம் வீட்டு மொட்டை மாடியைத் தேடுவதுதான். கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டு மூடிவிடுவோம். அதே புரோகிராம் உங்கள் சேமிப்பு வீணாகாமல் காக்கவும் உதவும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள என் மாமா, ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் 20 தேன் பெட்டிகளும் சில ஆடுகளும் வாங்க முடிவு செய்தார். குலசேகரம் பக்கம் இரண்டு இடங்கள் குத்தகைக்கு வந்தன. "எதுக்கு அட்வான்ஸ் குடுக்கலாம், நீ பாத்துச் சொல்லு" என்றார். சாப்ட்வேர் என்ஜினியர் ஆயிற்றே, மறுக்க முடியுமா?

தேனீக்கு எத்தனை ஏக்கர்?

பெட்டிகள் வைக்கச் சில சென்ட் நிலம் போதும். ஆனால் நம் ஊர்ப் பெட்டிகளில் வளரும் இந்தியத் தேனீ, பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தூரத்திற்குள் பறந்து இரை தேடுகிறது. ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் என்றால் 314 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 776 ஏக்கர். ஆகவே, நாம் பார்க்க வேண்டியது குத்தகை நிலத்தை மட்டும் அல்ல, அக்கம் பக்கத்தையும்தான்.

வட்டம் போடுவது எப்படி?

1. கூகுள் எர்த் புரோ தொகுப்பை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். 2015 முதல் இது இலவசம்.
2. சர்ச் கட்டத்தில் ஊர் பெயரை டைப் செய்து, இடத்தைக் கண்டுபிடியுங்கள்.
3. டூல்ஸ் மெனுவில் ரூலர் தேர்ந்தெடுத்து, சர்க்கிள் டேபில் கிளிக் செய்யுங்கள். அளவைக் கிலோமீட்டருக்கு மாற்றுங்கள்.
4. பெட்டி வைக்கும் இடத்தில் கிளிக் செய்து, ஆரம் 1 என வரும் வரை மவுஸை நகர்த்தி மீண்டும் கிளிக் செய்து, சேவ் செய்திடுங்கள்.

இனி வட்டத்திற்குள் என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். ரப்பர், தென்னை இருக்கிறதா? குளம், வாய்க்கால் பக்கத்தில் உள்ளதா? பூச்சி மருந்து அடிக்கும் வயல்கள் உள்ளனவா?

நான் செய்த தவறு

முதல் இடத்தைச் சுற்றி மரங்கள் பழுப்பாக, மொட்டையாகத் தெரிந்தன. இரண்டாவது இடம் பச்சைப் பசேல். "இரண்டாவதையே எடுங்கள் மாமா" என்றேன். படத்தைப் பார்த்தவர் சிரித்தார். "மக்கா, இது எந்த மாசத்துப் படம்?"

விண்டோவின் கீழ்ப் பகுதியில் தேதி இருந்தது. ஜனவரி! ரப்பர் இலை உதிர்க்கும் காலம். பிறகு வரும் தளிர் இலைகளின் காம்பு நுனியில் சுரக்கும் இனிப்பு நீர்தான் இந்த மாவட்டத்தின் முக்கியத் தேன் வரவு. அப்படியானால் நான் ஒதுக்கியது நல்ல தோட்டத்தை!

வியூ மெனுவில் ஹிஸ்டாரிக்கல் இமேஜரி கிளிக் செய்தால், பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதல் இடம் மற்ற மாதங்களில் அடர்ந்த பச்சை. இரண்டாவது இடத்திலோ முன்பு பெரிய மரங்கள், பிறகு வெறும் மண், கடைசியாக வரிசையாகச் சிறு கன்றுகள். தோட்டத்தை வெட்டி மறுநடவு செய்திருக்கிறார்கள். அங்கு பெட்டி வைத்திருந்தால் மாமாவின் பணம் முடங்கியிருக்கும்.

ஆடுகளுக்கு?

ரூலரில் பாலிகன் டேபைத் தேர்ந்தெடுத்து நிலத்தின் ஓரங்களில் கிளிக் செய்தால், பரப்பளவு ஏக்கரில் கிடைக்கும். பாத் ஒன்றை வரைந்து சேவ் செய்து, எடிட் மெனுவில் ஷோ எலிவேஷன் புரொபைல் கொடுத்தால் மேடு பள்ளம் தெரியும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கொட்டகை வேண்டாம். இஸ்ரோ 2009ல் தொடங்கிய புவன் தளத்தில் நிலப் பயன்பாட்டு மேப்களும் உள்ளன.

இவை அனைத்தும் முதல் வடிகட்டல் மட்டுமே. பட்டா, எல்லை விவரங்களைத் தாலுகா அலுவலகத்தில்தான் உறுதி செய்ய வேண்டும். கோடையில் குளத்தில் தண்ணீர் நிற்குமா என்று அக்கம் பக்கத்தில் கேளுங்கள். மாமாவும் முதல் இடத்தை நேரில் நடந்து பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுத்தார். அதுவும் 20 அல்ல, முதலில் 10 பெட்டிகளுக்குத்தான்.

நீங்களும் இன்று உங்கள் தோட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். படத்தின் தேதியைப் பார்க்க மட்டும் மறந்துவிடாதீர்கள்!